பச்சை மஞ்சள் வயருக்கு இரண்டு பெயர்

வணக்கம்.

வார்டுக் கருவிகளின் பரிசோதனை அட்டைக்கான சொற்பட்டியலைப் பார்த்தேன். 14ஆம் வரியை அப்படியே விட முடியாது.

> 14. காப்புப் புவித்தொடுப்பு / செயற்பாட்டுப் புவித்தொடுப்பு

முதலாவது, பழுது வந்தால் ஆளைக் காக்கும் எர்த் (protective earth). இரண்டாவது functional earth. அந்த இரண்டாவது சொல்லைத் திருகோணமலையில் திருத்துவேலை செய்யும் ஒரு பொடியன் எப்படி வாசிப்பான்? “செயற்படுகிற எர்த்”, அதாவது நல்லாய் வேலை செய்யும் எர்த் என்று. உண்மை நேர்மாறு. ஈசிஜி கருவிக்குள் இருக்கும் உலோகத் திரையைப் புவியோடு சேர்த்து, 50 ஹேர்ட்ஸ் இரைச்சலை வடிக்கும் தொடுப்பு அது. ஆளைக் காக்க அதை நம்பவே கூடாது. மருத்துவ மின்கருவிகளுக்கான சர்வதேச நியமம் ஐஇசி 60601-1 இரண்டையும் கறாராகப் பிரிக்கிறது: காப்புப் புவி அறுந்தால் அது ‘ஒற்றைப் பழுது நிலை’. மற்றது அறுந்தால் அதுவும் ‘இயல்பு நிலை’தான். ஆகவே முன்னது அறுந்திருக்கும்போது தொடுகை மின்னோட்டம், அதாவது கருவியைத் தொடுகிறவரூடாக ஓடும் மின்னோட்டம், 500 மைக்ரோ அம்பியர் வரை போகலாம். பின்னது அறுந்திருக்கும்போதும் 100ஐத் தாண்டக்கூடாது.

சொல் பிழைத்தால் என்ன நடக்கும்? பெயர்ப்பலகையில் சதுரத்துக்குள் சதுரம், அதாவது இரண்டாம் வகுப்புக் கருவி: எர்த்தை நம்பாமல் இரட்டை உறையால் ஆளைக் காப்பது. ஆனால் மூன்று வயர். மூன்றாவது பச்சை மஞ்சள். நியமமே அந்த நிறத்தைத்தான் கேட்கிறது, குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. மீற்றரின் ஒரு கிளிப் பிளக்கின் எர்த் முள்ளில், மற்றது பின்தகட்டின் ஆணியில். தடை முடிவிலி. “எர்த் விட்டுப்போச்சு” என்று கருவியைத் திறந்து, பின்தகட்டிலிருந்து பச்சை மஞ்சளுக்கு ஒரு துண்டு வயர் ஈயம் வைத்து ஒட்டிவிடுவார்கள். மீற்றர் 0.1 ஓம் காட்டும். எல்லாருக்கும் திருப்தி.

திரைக்கும் வெளித்தகட்டுக்கும் இடையே இரண்டு காப்பு வழிகள் இருக்கவேண்டும் என்பது விதி. அத்தனையையும் அந்த ஒரு துண்டு வயர் குறுக்குச்சுற்றாக்கிவிட்டது. கருவியின் இரைச்சல் வடிகட்டியில் உயிர்க்கம்பியிலிருந்து திரைக்கு 2.2 நானோபாரட் கொள்ளளவி இருந்தால், 230 வோல்ட்டில் 159 மைக்ரோ அம்பியர் ஓடும். 4.7 என்றால் 340. குதையில் (சொக்கற்) எர்த் இருக்கும்வரை அது வயர் வழியே போய்விடும். ஆனால் உப்புவெளிப் பக்கம், பெயருக்கேற்ற காற்று. எர்த் கம்பியின் கிளாம்ப் அரித்து விட்டுப்போவது புதினமல்ல. அன்றைக்கு அந்த மின்னோட்டம் முழுவதும் பின்தகட்டுக்கு வரும். தொடுகிறவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அதே கையால் இதயத்துக்குள் போயிருக்கும் கதீற்றரைப் பிடித்தால்? இதயத்தைத் தொடும் பகுதிகளுக்கு இயல்பு நிலை எல்லை 10 மைக்ரோ அம்பியர்.

‘இரைச்சற்புவி’ என்று போடலாமா?

—

தம்பி,

மறுப்பு சரி, மாற்றுச் சொல் சரியில்லை. இரைச்சற்புவி என்றால் இரைச்சல் போடுகிற புவி. இந்தத் தொடுப்புக்கான ஐஇசி குறியீடு 5018இன் பழைய பெயரே ‘இரைச்சலற்ற புவி’தான். அந்தப் பெயரும் நிலைக்கவில்லை, ஏனெனில் சுற்றுக்கு ஓர் ஆதார மட்டம் கொடுக்கவும் இதே தொடுப்பு பயன்படும். ‘தொழிற்புவி’ என்றால் ஃபக்டரி நினைவு வரும். ‘துணைப்புவி’ இன்னும் மோசம். முதலாவது அறுந்தால் இது காக்கும் என்று நம்பவைக்கும்.

‘காப்பிலாப் புவி’ என்று எழுத ஆசைதான். ஆனால் உங்கள் பட்டியலின் 3ஆம் வரி ‘இரட்டைக் காப்பு’. அங்கே காப்பு என்பது வயரின் உறை. 14இல் காப்பு என்பது ஆளின் பாதுகாப்பு. அப்படியிருக்கக் ‘காப்பிலாப் புவி’யை உறை உரித்த கம்பி என்றுதான் வாசிப்பார்கள். தமிழ்நாட்டில் ‘மின்காப்பு’ என்று எழுதிப் பழகியதால் வந்த வினை இது. நம் பாடப்புத்தகத்தில் காவலி, காவலிட்ட கம்பி என்று நல்ல சொற்கள் கிடக்கின்றன. 3ஐ முதலில் திருத்துங்கள்: அடிப்படைக் காவலீடு, மேலதிகக் காவலீடு, இரட்டைக் காவலீடு, வலுவூட்டிய காவலீடு. ‘காப்பு’ பாதுகாப்புக்கு மட்டும்.

அதன்பின் 14: காப்புப் புவி / பணிப்புவி. ஒரு பணிக்கான புவி, அவ்வளவே.

—

ஐயா,

காவலீடு ஏற்கிறேன். பணிப்புவியும் சரி, ஆனால் தட்டச்சில் ண விட்டு ன விழுந்தால் ‘பனிப்புவி’. திருகோணமலை வெயிலில் அது பகிடியாகிவிடும். ஆகவே சொல்லோடு குறியும் அச்சாகட்டும்: காப்புப் புவிக்கு வட்டத்துக்குள் புவிக்குறி, பணிப்புவிக்குப் புவிக்குறியின் மேல் குடை போல ஒரு வளைவு.

அட்டையின் பின்பக்கத்துக்கு இப்படி எழுதியிருக்கிறேன்:

“முதலில் பெயர்ப்பலகையைப் பார். இரட்டைச் சதுரம் இருந்தால், பச்சை மஞ்சள் வயர் இருந்தாலும் அது பணிப்புவி. புவித்தொடுப்புத் தடையை அளக்காதே, வெளித்தகட்டோடு இணைக்காதே. உயிர்க்கம்பியையும் நொதுமற்கம்பியையும் (நியூட்ரல்) சேர்த்து, வெளியுலோகத்துக்கு 500 வோல்ட் நேரோட்டம் கொடு: 7 மெகாஓமுக்குக் குறையக்கூடாது. பிளாஸ்டிக் உறையென்றால் 20க்கு 10 சென்ரிமீற்றர் உலோகத்தாளை ஒட்டி அள. பிறகு பணிப்புவியைக் கழற்றி, உயிரையும் நொதுமலையும் மாற்றி மாற்றித் தொடுகை மின்னோட்டம் பார்: 100 மைக்ரோ அம்பியரைத் தாண்டக்கூடாது.”

காப்புப் புவியை நம்பும் முதலாம் வகுப்புக் கருவிக்குத்தான் தடை அளவீடு. கழற்ற முடியாத வயரோடு புதுக் கருவிக்கு 200 மில்லிஓம் வரை, 25 அம்பியர் விட்டு. அதைத் தனி அட்டையில் போடுவதே நல்லது. ஒரே அட்டையில் இரண்டும் இருந்தால் மறுபடி அதே பிழை வரும்.

9ஆம் வரியில், மின்பகுதிகளுக்கு இடையிலான இரண்டு தூரங்களுக்கும் ‘இடைவெளி’ என்ற ஒரே சொல் நிற்கிறது. மேற்பரப்பு வழியே 8 மில்லிமீற்றர், காற்று வழியே 5, இரண்டும் வெவ்வேறு அளவு. ‘ஊர்வழித் தூரம்’ (மேற்பரப்பில் ஊர்ந்து போகும் வழி), ‘காற்றுவழித் தூரம்’ என்று பிரித்துவிட்டேன். 15, சம அழுத்தத் தொடுப்பு, அதற்கு வேறு முனை, வேறு குறி. இதோடு கலக்காமல் அடுத்த கிழமை எடுப்போம்.