ஆண்ட பரம்பரையா, கப்பலேறின பரம்பரையா?

வந்தவாசிக்காரன்:
எங்க கொள்ளுத்தாத்தாவோட அண்ணன் ஒருத்தர் ‘கப்பலேறிப் போயிட்டாரு’ன்னு வீட்டில் ஒரு பேச்சு உண்டு. எங்கே, எப்போன்னு யாருக்கும் தெரியாது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாப் போனவங்களோட கப்பல் பட்டியல்கள் இணையத்தில் கிடைக்குதுன்னு கேள்விப்பட்டுத் தேடினேன். 1860 நவம்பர் 16-ல் மதராசிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் போய்ச் சேர்ந்தது. அதில் தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேல் போயிருக்காங்க. ஆளுக்கு ஒரு எண். பெயர், அப்பா பெயர், வயசு, சாதி, ஜில்லா, ஊர், அங்க அடையாளம்னு எழுதி வெச்சிருக்காங்க. வட ஆற்காடு ஜில்லா, எங்க ஊர், அப்பா பெயர் மூணும் ஒத்துப்போற வரி ஒண்ணு கிடைச்சது. வயசு 22, முழங்காலில் தழும்பு. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். “கூலிக்குப் போனதை ஏன்டா ஊர் பூரா டமாரம் அடிக்கிறே, அழி”ங்கறார் பெரியப்பா. எனக்குப் பெருமையாத்தான் இருக்கு. நீங்க என்ன சொல்றீங்க?

சும்மா ஒருவன்:
பெரியப்பா சொல்ற காரணம் தப்பு, ஆனா பெருமைப்பட இதில் என்ன இருக்குன்னு எனக்கும் புரியல. முதல் வருஷம் மாசம் 10 ஷில்லிங் சம்பளம், அஞ்சு வருஷ ஒப்பந்தம், கரும்புத் தோட்டம். பஞ்சமும் கடனும் ஆள்பிடிக்கிறவன் சொன்ன பொய்யும் சேர்ந்து தள்ளி விட்டது. தள்ளி விடப்பட்டவரைப் பார்த்துப் பரிதாபப்படலாம், கோபப்படலாம். மார்தட்டிக்க முடியுமா?

இன்னொண்ணு. முனுசாமிக்கு மகன் சின்னசாமி, சின்னசாமிக்கு மகன் மறுபடி முனுசாமின்னு தாத்தா பெயரையே பேரனுக்கு வைக்கிற ஊர் நம்மது. பட்டியல் எழுதினவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அவர்தான் இவர்னு எப்படிச் சொல்றீங்க?

கணக்கப்பிள்ளை பேரன்:
நம்ம பக்கம் யாரைக் கேட்டாலும் ஆண்ட பரம்பரை. அப்போ களை எடுத்தது யாரு, வரி கட்டினது யாருன்னே தெரியல! தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் கோயிலில் ஆடின தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரோட பெயர், இருந்த தெரு, வீட்டு வரிசை எல்லாம் வெட்டி வெச்சிருக்கு. ஆளுக்கு வருஷம் 100 கலம் நெல். நாவிதர், தையல்காரர், ஈரங்கொல்லி (வண்ணார்), கணக்கருக்கும் பங்கு எழுதியிருக்கு. சதய விழாவுக்கு ராஜராஜனோட வாரிசுன்னு ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டறாங்க. அந்தத் தையல்காரருக்கு வாரிசுன்னு ஒரு நோட்டீஸ் பார்த்திருக்கீங்களா? வந்தவாசித் தம்பி செய்யறது அதுதான். நான் அவர் பக்கம்.

சிவப்பு மை:
தோழர், பட்டியலில் சாதிக் கட்டமும் இருக்கே, அதை மறந்துட்டீங்க. வேர் தேடறேன்னு கிளம்பற பாதி பேர் கடைசியில் வந்து நிக்கறது சாதிச் சங்க காலண்டர்லதான். சாமானியனைத் தேடினாலும் “நம்மாளு” தானே கிடைக்கிறார்?

வந்தவாசிக்காரன்:
அந்தக் கட்டத்தையே நம்ப முடியாது தோழர். பல பேருக்கு ‘மலபார்’, ‘ஜெண்டூ’ன்னு எழுதியிருக்கு. தமிழன், தெலுங்கன்னு அர்த்தம், அவ்வளவுதான். பட்டியலை வெச்சுச் சங்கம் கட்டினா அன்னிக்கே இடிஞ்சிடும்.

லயத்துப் பெண்:
நான் இலங்கை மலையகம். உங்களுக்குப் பரம்பரை தேடுறது ஆசைக்கு. எங்களுக்கு அது வழக்கு. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் வந்தப்ப “உங்கப்பா இலங்கையில பொறந்ததுக்கு அத்தாட்சி காட்டு”ன்னு கேட்டாங்க. பொறப்புச் சான்று எத்தன பேருகிட்ட இருந்திச்சு? கொழுந்து பறிச்ச கணக்கு தோட்டத்து செக்ரோல்ல (வேலையாள் பேரேட்டுல) இருந்திச்சு, மனுசன் பொறந்த கணக்கு இல்ல. அப்புறம் 1964 ஒப்பந்தத்துல 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்குன்னு பிரிச்சாங்க. எங்க பெரியம்மா குடும்பம் கப்பலேறிச்சு, அம்மா இங்கயே நின்னுட்டாங்க. சும்மா ஒருவன் அண்ணே, பரிதாபம் எங்களுக்கு வேணாம். காட்டை வெட்டித் தேயிலை போட்டவங்க பேரைச் சொல்லுறது மார்தட்டுறது இல்ல.

சும்மா ஒருவன்:
தங்கச்சி, உங்க கேஸ் வேற, ஒத்துக்கறேன். அங்கே பெயரே உரிமை. ஆனா வந்தவாசியில் உட்கார்ந்துகிட்டு, போன மனுஷன் அங்கே பட்டதுக்கு இங்கே இருக்கிறவர் பெருமைப்படறது எனக்கு ஒட்டல. அவரை அனுப்பிட்டு, போனதையே மறைச்ச குடும்பமும் இதுதானே? அதையும் சேர்த்து எழுதுங்க.

கணக்கப்பிள்ளை பேரன்:
இது நல்ல அடி.

வந்தவாசிக்காரன்:
அடிதான். பெரியப்பா கோபத்துக்கும் அதுதான் காரணமோன்னு தோணுது. பாகம் பிரிக்கும்போது கப்பலேறினவர் பங்கு என்ன ஆச்சுன்னு யாரும் வாயே திறக்கல.

கணக்கப்பிள்ளை பேரன்:
அப்போ கப்பலை விட்டுட்டு நிலத்தைப் பிடிங்க. வில்லங்கம் ஆன்லைனில் ஓரளவு பழசு வரைக்கும்தான் வரும். அதுக்கு முந்தினதுக்குச் சார்பதிவாளர் ஆபீசில் மனு போட்டுத் தேடணும். பழைய சர்வே எண் தெரியுமா?

வந்தவாசிக்காரன்:
பெரியப்பா டிரங்குப் பெட்டியில் இருக்கும். சாவி அவர் இடுப்பில்.