சி.ஈ.டி-4 எழுதும் சீன மாணவர்: கட்டுரை, மொழிபெயர்ப்பு, வாசிப்பு மூன்றும் இடிக்கிறது, எங்கே தொடங்குவது?

கேள்வி

வணக்கம். செங்டுவில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவர் ஒருவருக்கு இணையவழியில் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். டிசம்பரில் அவருக்குக் கல்லூரி ஆங்கிலத் தேர்வின் நான்காம் நிலை, அதாவது சி.ஈ.டி-4. இன்னும் பத்து வாரம் இருக்கிறது. கேட்டல் பகுதி பரவாயில்லை. மாதிரித் தாளில் கட்டுரைக்கு 15-க்கு 7, மொழிபெயர்ப்புக்கு 5 என்ற அளவில்தான் நிற்கிறார். வாசிப்பில் கடைசிப் பத்தியைத் தொடுவதற்குள் நேரம் போய்விடுகிறது. தினமும் 50 சொல் மனப்பாடம் செய்கிறார், ஆகவே சொல் தெரியாததுதான் காரணம் என்றும் தோன்றவில்லை. எனக்குச் சீனம் படித்தால் ஓரளவு புரியும், எழுத வராது. நாளுக்கு ஒன்றரை மணி நேரம் அவரால் ஒதுக்க முடியும். எதில் கை வைக்கலாம்?

மறுமொழி 1

முதலில் அந்த 50 சொல்லை 15 ஆக்குங்கள். சொற்பட்டியலை அகரவரிசையில் 'அபாண்டன்' என்று தொடங்கி அங்கேயே கைவிட்டுவிடுவதைச் சீன மாணவர்களே கேலி செய்துகொள்வார்கள். தனிச் சொல்லாகப் படித்தது வாக்கியத்தில் கைகொடுக்காது.

கணக்கைப் பாருங்கள். மொத்தம் 710. கட்டுரை 15%, கேட்டல் 35%, வாசிப்பு 35%, மொழிபெயர்ப்பு 15%. அடுத்த தேர்வான ஆறாம் நிலைக்குப் பதிய 425 வேண்டும், எல்லோர் கண்ணும் அந்த எண்மேல்தான். கட்டுரைக்கு 30 நிமிடம், பிறகு கேட்டல். அது முடிந்த கையோடு முதல் விடைத்தாளை வாங்கிவிடுவார்கள். மீதமுள்ள 70 நிமிடத்தில் வாசிப்புக்கு 40, மொழிபெயர்ப்புக்கு 30 என்று தாளில் போட்டிருக்கும், ஆனால் எதை முன்னால் செய்வது என்பது மாணவர் விருப்பம். வாசிப்பில் சிக்கிக்கொள்கிறவர் மொழிபெயர்ப்பை முதலில் முடிப்பது நல்லது. 710-இல் 106.5 மதிப்பெண் உள்ள பகுதியைக் கடைசி எட்டு நிமிடத்தில் கிறுக்கினால் 15-க்கு 5தான் வரும்.

பயிற்சியையும் மொழிபெயர்ப்பிலிருந்தே தொடங்கச் சொல்வேன். மூன்று பகுதியிலும் அவரை இடறுவது ஒரே கல்: வாக்கியத்தின் முதன்மை வினை எது, அதற்கு எழுவாய் எது என்பது. சீனத்தில் வினை காலத்துக்கோ எண்ணுக்கோ உருமாறாது, எழுவாயைச் சொல்லாமலே விடலாம், நான்கைந்து செய்திகளைக் காற்புள்ளி போட்டுக் கோத்து ஒரே வாக்கியமாக முடிக்கலாம். அதை அப்படியே ஆங்கிலத்தில் இறக்கினால் வாக்கியம் சரிந்துவிடும்.

ஒரு மாதிரி. சீன வாக்கியத்தின் போக்கைத் தமிழில் தருகிறேன்: 'ஃபூஜியன் மலைப்பகுதியில் விளைந்த தேயிலை மிக மணம், வசந்தத்தில் பறித்து, வறுத்தபின் நாடெங்கும் விற்பது.' இதில் மூன்று பொறி இருக்கிறது. 'மிக மணம்' என்பதற்குச் சீனத்தில் 'இஸ்' தேவையில்லை, அதனால் 'டீ வெரி ஃப்ராக்ரன்ட்' என்று எழுதுவார். பறிப்பது யார் என்று இல்லை, அதனால் 'டீ பிக்ஸ் இன் ஸ்ப்ரிங்' என்று தேயிலையே பறிக்கக் கிளம்பிவிடும். மூன்றையும் காற்புள்ளியால் ஒட்டுவார்.

செய்ய வேண்டியது: வினைகளையெல்லாம் வட்டமிடச் சொல்லுங்கள். பெயரை விவரிக்கும் 'தெ' என்ற இடைச்சொல்லுக்கு முன்னால் நிற்பவற்றை ஓரம் கட்டுங்கள், அவை நம் பெயரெச்சம் போல. மீதியுள்ள ஒவ்வொரு வினைக்கும் 'எது?' என்று கேட்டு எழுவாயை எழுத வையுங்கள். எழுவாய் செயலைச் செய்யாமல் அதற்கு ஆட்படுகிறது என்றால் செயப்பாட்டு வினை. பிறகு எங்கே முற்றுப்புள்ளி வைப்பது என்று முடிவு செய்யுங்கள். கிடைப்பது: 'த டீ க்ரோன் இன் த மவுண்டன்ஸ் ஆஃப் ஃபூஜியன் இஸ் வெரி ஃப்ராக்ரன்ட். இட் இஸ் பிக்ட் இன் ஸ்ப்ரிங், ரோஸ்டட் அண்ட் தென் சோல்ட் ஆல் ஓவர் த கன்ட்ரி.' அலங்காரம் எதுவும் இல்லை, ஆனால் பிழையும் இல்லை.

முதல் மூன்று வாரம் நாளுக்கு ஐந்து வாக்கியம் மட்டும், முழுப் பத்தி வேண்டாம். நான்காம் வாரத்திலிருந்து வாரத்துக்கு மூன்று பத்தி. தேர்வில் வருவது 140 முதல் 160 சீன எழுத்து. 30 நிமிடத்தில் வினை குறிக்க 4, எழுத 20, திருத்த 6. திருத்தும்போது ஒரு சுற்றில் வினையை மட்டும், அடுத்ததில் பெயர்ச்சொல்லை மட்டும், மூன்றாவதில் நிறுத்தக்குறியை மட்டும் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே சுற்றில் பார்க்கிறேன் என்றால் ஒன்றும் கண்ணில் படாது.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன், வாசிப்பைப் பற்றிச் சேர்க்கிறேன்.

மூன்று வகைக் கேள்விகளுக்கும் எடை ஒன்றல்ல. 15 சொல்லிலிருந்து 10 கோடிட்ட இடம் நிரப்புவது ஒன்றுக்கு 3.55. நீண்ட கட்டுரையில் கூற்றைப் பத்தியோடு பொருத்துவது ஒன்றுக்கு 7.1. ஆழ்ந்து வாசிக்கும் இரண்டு பத்திகளில் ஒரு கேள்விக்கு 14.2. அதாவது அங்கே ஒரு கேள்வி இங்கே நான்கு கோடிட்ட இடங்களுக்குச் சமம். தாளில் இவை இந்த வரிசையிலேயே வருவதால் மாணவர்கள் மலிவானதில் 15 நிமிடம் கரைத்துவிட்டு விலை கூடியதை ஊகத்தில் நிரப்புகிறார்கள். உங்கள் மாணவர் கடைசிப் பத்தியைத் தவறவிடுகிறார் என்றால் தலா 14.2 வீதம் ஐந்து கேள்வி, 71 மதிப்பெண் போகிறது.

வரிசையை மாற்றுங்கள்: ஆழ்ந்த வாசிப்பு 20 நிமிடம், பொருத்தல் 13, கோடிட்ட இடம் 7. கடைசியதில் சொற்களின் பொருளைத் தேடுவதற்கு முன் 15-ஐயும் பெயர், வினை, பெயரடை, வினையடை என்று எழுத்திட்டுப் பிரிக்க வேண்டும். இடத்துக்கு எந்த வகை என்று தெரிந்துவிட்டால் போட்டியில் நான்கைந்து சொல்தான் மிஞ்சும். பொருத்தலில் முதலில் பத்துக் கூற்றுகளையும் படித்து, ஆண்டு, எண், பெயர், ஒப்பீடு இவற்றை அடிக்கோடிட்டுக்கொண்டு பிறகு கட்டுரைக்குள் போகலாம். ஒரே பத்திக்கு இரண்டு கூற்று வரலாம் என்பதை மறக்கக் கூடாது.

வேகம் குறைவதற்குக் காரணம் பெரும்பாலும் கண் பின்னோக்கி ஓடுவது. சீனத்தில் அடை முழுவதும் பெயருக்கு முன்னால் வந்துவிடும், 'நேற்று சந்தையில் வாங்கிய புத்தகம்' என்று நாம் சொல்வதைப் போலவே. ஆங்கிலத்தில் 'புக்' முதலில் வந்து, வாங்கிய கதை பின்னால் வரும். மாணவர் மனசுக்குள் அதைத் திருப்பிப் போட்டுப் படிக்கிறார், ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை. இந்தத் தடுமாற்றம் தமிழ் பேசும் உங்களுக்குச் சொல்லாமலே புரியும். தினமும் ஒரு பத்தி எடுத்து, பெயருக்குப் பின்னால் வரும் அடைகளைச் சதுர அடைப்புக்குள் போட்டு, அடைப்பை விட்டுவிட்டு ஒரு முறை, சேர்த்து ஒரு முறை வாசிக்க வையுங்கள். 200 சொல் போதும், பத்து நிமிடம்.

ஒன்றைக் கட்டாயம் நிறுத்துங்கள். ஆங்கிலச் சொல்லுக்கு மேல் சீன எழுத்தைப் பென்சிலால் எழுதிக்கொண்டே போகும் வழக்கம். இரண்டாம் முறை வாசிக்கும்போது கண் சீனத்தில்தான் நிற்கும், ஆங்கிலம் படம் மாதிரி ஆகிவிடும். அர்த்தம் எழுத வேண்டுமானால் தாளின் ஓரத்தில், பத்திக்கு மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். கட்டுரைக்கு அவர் 'மூபான்' என்று ஒரு வார்ப்பு வைத்திருக்கிறார், முதல் வரியிலிருந்து கடைசி வரை. அதை விடச் சொல்லலாமா? இன்னொன்று, மீள்மொழிபெயர்ப்பு நல்ல பயிற்சி என்கிறார்களே, அதற்குச் சீன வடிவத்தைக் கணினி மொழிபெயர்ப்பில் எடுத்துக்கொள்ளலாமா?

மறுமொழி 3

வார்ப்பு: எலும்பை வைத்துக்கொள்ளட்டும், சதையை எடுத்துவிடுங்கள். 'வித் த டெவலப்மென்ட் ஆஃப் சொசைட்டி' என்று தொடங்கி 'எவ்ரி காயின் ஹாஸ் டூ சைட்ஸ்' என்று தொடரும் கட்டுரையைத் திருத்துபவர் ஒரே நாளில் எத்தனை பார்த்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். மதிப்பீட்டு அளவுகோலின் படிகள் 2, 5, 8, 11, 14. வார்ப்பின் பிழையற்ற நீள வரிகளுக்கு நடுவே மாணவரின் சொந்த வரி உடைந்து கிடந்தால் அந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும், தாள் 8-ஐத் தாண்டுவது கடினம். அண்மைக்காலத்தில் ஒரு தொடக்க வாக்கியத்தைக் கொடுத்து அதிலிருந்து கட்டுரையைத் தொடரச் சொல்லும் தலைப்புகளும் வருகின்றன. அங்கே மனப்பாட முதல் வரிக்கு இடமே இல்லை, கொடுத்த வாக்கியம் 120–180 சொல் கணக்கிலும் சேராது.

மூன்று பத்தி போதும். முதலில் கருத்து, 30 சொல். நடுவில் இரண்டு காரணம், ஒவ்வொன்றுக்கும் கண்ணால் பார்க்கக்கூடிய ஓர் எடுத்துக்காட்டு, 80 சொல். கடைசியில் 25. இந்தத் தாளுக்கு வாக்கியம் 12 முதல் 18 சொல்லுக்குள் நின்றால் போதும்.

கட்டுரையில் தனியாக வேட்டையாட வேண்டிய பிழைகள்: 'ஆல்தோ' போட்ட வாக்கியத்தில் 'பட்', 'பிகாஸ்' போட்டதில் 'சோ'. சீனத்தில் 'சுய்ரான்' வந்தால் 'தான்ஷி', 'யின்வெய்' வந்தால் 'சுவோயி' என்று ஜோடியாக வருவதுதான் காரணம். ஆங்கிலத்தில் ஜோடியில் ஒன்றைத்தான் வைக்கலாம். 'தேர் ஆர் மெனி பீப்பிள் லைக் டீ' என்று ஒரே வாக்கியத்தில் இரண்டு வினை, இது சீனத்தில் 'இருக்கிறது' என்று பொருள்படும் 'யோ' என்ற சொல்லின் வேலை. 'தேர் ஆர்' என்பதை வெட்டிவிட்டால் சரியாகிவிடும். 'லேர்ன் நாலெட்ஜ்', 'ஓபன் த லைட்', 'த பிரைஸ் இஸ் சீப்' மூன்றும் நேர் மொழிபெயர்ப்பு. 'ஏ', 'த' விஷயத்தில் விதி ஒப்பிப்பது வீண். எண்ணத்தக்க ஒருமைப் பெயர் தனியாக நிற்கக் கூடாது என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதிப் பிழை குறையும். நூற்பெயருக்குச் சீனத்தின் இரட்டைக் கோண அடைப்பு, பட்டியலில் 'துன்ஹாவ்' என்ற சாய்ந்த சிறு புள்ளி, இவையும் பழக்கத்தில் ஆங்கிலத் தாளுக்குள் நுழைந்துவிடும்.

மீள்மொழிபெயர்ப்பு: கணினி தரும் சீனம் வேண்டாம். அது பெரும்பாலும் ஆங்கிலத்தின் வரிசையையே பின்பற்றும், திருப்பி எழுதுவது சுலபமாகிவிடும், பயிற்சி நடந்ததாக ஒரு மயக்கம் மட்டும் மிஞ்சும். நல்ல ஆங்கிலப் பத்தி 80 முதல் 100 சொல் எடுத்து மாணவரே இயல்பான சீனத்தில் எழுத வேண்டும். மூலத்தை மூடிவைத்து, இரண்டு நாள் கழித்து மீண்டும் ஆங்கிலத்தில் எழுதி ஒப்பிட வேண்டும். அதே நாளில் செய்தால் நினைவாற்றலைத்தான் சோதிக்கிறோம். ஒப்பிடும்போது மூலத்திலிருந்து மாறிய இடமெல்லாம் பிழை அல்ல. வினை வடிவம், 'ஏ', 'த', முன்னிடைச்சொல் இவை மாறிய இடத்தை மட்டும் குறிப்பேட்டில் எழுதினால் போதும். வாரம் இரண்டு.

மறுமொழி 1

மொழிபெயர்ப்பின் தலைப்புகளையும் சொல்ல விட்டுப்போயிற்று. சீனப் பண்பாடு, வரலாறு, பொருளாதாரம், சமூக மாற்றம், இவ்வளவுதான் வட்டம். ஒரே தேர்வில் அறைக்குள் வெவ்வேறு தாள்கள் கொடுப்பார்கள், தலைப்புகள் ஒன்றுக்கொன்று உறவுடையவையாக வரும். 2017 ஜூனில் யாங்சே, மஞ்சள் ஆறு, முத்து ஆறு. அதே ஆண்டு டிசம்பரில் தைஷான், ஹுவாஷான், ஹுவாங்ஷான் மலைகள். 2019 ஜூனில் காகித வெட்டுக்கலை, விளக்கு, சிங்க நடனம். பழைய தாள்களில் வந்த பண்பாட்டுச் சொற்களை 60 அளவில் தொகுத்துக்கொண்டால் போதும். தெரியாத சொல் வந்தால் வெற்றிடம் விடக் கூடாது. அந்தப் பொருள் என்ன செய்யும் என்று நான்கு எளிய சொல்லில் எழுதலாம். பின்யின், அதாவது சீன ஒலியை ரோமன் எழுத்தில் எழுதுவது, அதை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்தால் வாசிப்பவருக்கு ஒன்றும் போய்ச் சேராது.

பெரிய எண்களில் கவனம். சீனர்கள் நான்கு இலக்கமாக எண்ணுகிறார்கள்: 'வான்' பத்தாயிரம், 'யீ' பத்துக் கோடி. 14 யீ என்றால் 140 கோடி, ஆங்கிலத்தில் 1.4 பில்லியன். 960 வான் என்றால் 96 லட்சம், அதாவது 9.6 மில்லியன். மாணவர் வானிலிருந்து மில்லியனுக்குப் போகிறார், நீங்கள் லட்சத்திலிருந்து போகிறீர்கள், இருவரும் சேர்ந்து தவற வாய்ப்பு நிறைய. வானை 100-ஆல் வகுத்தால் மில்லியன், யீயை 10-ஆல் வகுத்தால் பில்லியன். வகுப்புத் தொடக்கத்தில் தினமும் ஐந்து எண் கொடுங்கள், இரண்டு நிமிடம்.

கடைசி மூன்று வாரம் சனிக்கிழமை காலை 9 மணிக்கு ஒரு முழுத் தாள், தேர்வு தொடங்கும் அதே நேரம். கைப்பேசி பக்கத்தில் இல்லாமல், விடைத்தாளில் பேனாவால். கணினியில் தட்டச்சு செய்து பழகியவருக்கு எழுத்துப்பிழை அப்போதுதான் வெளியே வரும்.