12 நாள் எலிக்குட்டிகளில் பெனிட்டாய்ன்: வலிப்பு அடங்கியதா, வடிவம் மாறியதா?

கேள்வி:
பெனிட்டாய்ன் என்ற வலிப்பு மருந்து வயிற்றறைக்குள், 30 நிமிடம் கழித்து வலிப்பு மூட்டும் பி.டி.இசட் (பென்டிலீன்டெட்ரசால்) கிலோவுக்கு 100 மி.கி. தோலடியில். ஒப்பீட்டுக் குழுவுக்கு உப்புநீர். வளர்ந்த எலிகளில் முதலில் வரும் முகம், முன்னங்கால் துடிப்பு குட்டிகளில் வரவேயில்லை. மருந்து பெற்றவை விறைப்பதில்லை. துடிப்பு மட்டும் தொடர்கிறது. இதைப் 'பாதுகாப்பு' என்று பதியலாமா? வலிப்பு தொடங்கும் நேரமும் நாளுக்கு நாள் மாறுகிறது.

பதில் 1:
'பாதுகாப்பு' என்று பதிய வேண்டாம். நீங்கள் தேடும் அந்தச் சிறு துடிப்பு வலிப்பு மூன்றாம் வாரத்தில்தான் ஒழுங்காக வரத் தொடங்கும். 12 நாளில் கிடைப்பது முழு உடல் விறைப்பு-துடிப்பு வலிப்பு. பெனிட்டாய்னும் கார்பமாஸெப்பின் என்ற இன்னொரு வலிப்பு மருந்தும் அதில் விறைப்புக் கட்டத்தை வெட்டிவிட்டுத் துடிப்பை விட்டுவைக்கும். 'வந்தது / வரவில்லை' என்று ஒரே கட்டத்தில் டிக் அடித்தால் அந்த வேறுபாடு காணாமல் போகும். குட்டி நிமிரும் திறனை இழந்ததா, விறைத்ததா, துடிப்பு எந்த விநாடியில் தொடங்கியது என்று மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள். காணொளியை எந்தக் குட்டிக்கு எந்த மருந்து என்று தெரியாத ஒருவர் பார்க்கட்டும்.

பதில் 2:
நேரம் சிதறுவதற்கு முதலில் வெப்பத்தைச் சந்தேகிப்பேன். இந்த வயதுக் குட்டியால் தன் உடல் வெப்பத்தைத் தானே காக்க முடியாது. தாயிடமிருந்து பிரித்துப் பெட்டியில் வைத்த சில நிமிடங்களிலேயே குளிர்ந்துவிடும். குளிர்ந்தால் மருந்து உறிஞ்சப்படுவதும் வலிப்பும் தாமதமாகும். தாமதத்தை மருந்தின் பலன் என்று நாம் எண்ணிவிடுவோம். அடியில் 34 டிகிரி வெப்பத் தட்டு இருக்கட்டும்.

அடுத்தது ஊசி. 25 கிராம் குட்டிக்கு 20 மி.கி./மி.லி. கரைசலில் 0.125 மி.லி. போதும். இவ்வளவு சிறிய அளவில் துளை வழியே ஒரு சொட்டு கசிந்தாலே அளவு கெட்டுவிடும். ஊசியைத் தோலுக்கடியில் கொஞ்சம் தள்ளிச் செலுத்தி, எடுக்குமுன் 10 விநாடி பொறுங்கள்.

உப்புநீர் ஒப்பீடு இங்கே செல்லாது. பெனிட்டாய்ன் சோடியம் கடுங்காரக் கரைசலில்தான் கரைந்திருக்கும். உப்புநீரில் நீர்த்தால் படிகமாகும். புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த கரைப்பானென்றால், அதே கரைப்பான் ஒப்பீட்டுக் குழுவுக்கும் போக வேண்டும்.

ஒரே ஈத்துக் குட்டிகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். ஒரு ஈத்து முழுவதற்கும் ஒரே மருந்தளவைக் கொடுத்திருந்தால் 8 குட்டிகள் இருந்தும் உங்கள் எண்ணிக்கை 1தான். ஒவ்வொரு ஈத்திலும் எல்லா மருந்தளவுகளும், கரைப்பானும் இடம்பெற வேண்டும்.

கேட்டவர்:
நன்றி, கரைப்பான் குழு இல்லாததுதான் பெரிய ஓட்டை. 7 நாள் குட்டிகளுக்குப் பீனோபார்பிட்டால் என்ற வலிப்பு மருந்தை ஒப்பீட்டு மருந்தாக வைக்கலாமா?

பதில் 3:
வைக்கலாம், பச்சிளங்குழந்தைகளுக்கு இன்றும் முதலில் கொடுப்பது அதுதான். ஆனால் அந்த வயதில் நரம்பணுவுக்குள் குளோரைடு மிகுதி: அதை உள்ளே ஏற்றும் என்.கே.சி.சி.1 புரதம் அதிகம், வெளியேற்றும் கே.சி.சி.2 புரதம் குறைவு. அதனால் பீனோபார்பிட்டால் வலுப்படுத்தும் காபா என்ற மூளை வேதிப்பொருள், அடக்க வேண்டிய அணுவைச் சில இடங்களில் தூண்டிவிடும். என்.கே.சி.சி.1-ஐத் தடுக்கும் பியூமெட்டனைட் மருந்தைச் சேர்த்தால் குட்டிகளில் பலன் கூடியது. அதை நம்பி ஐரோப்பாவில் பச்சிளங்குழந்தைகளுக்குக் கொடுத்த சோதனையோ, போதிய பலனின்றி, கேட்கும் திறன் பாதிப்பும் கண்டு, பாதியில் நிறுத்தப்பட்டது. குட்டியில் வலிப்பு நின்றதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

பீனோபார்பிட்டால், பெனிட்டாய்ன், வால்புரோயேட் மூன்றுமே 7 நாள் எலிமூளையில் அணுச்சாவைத் தூண்டுபவை. எனவே வலிப்பு மூட்டாமல் மருந்து மட்டும் கொடுத்த ஒரு குழுவும் தேவை. 24 மணி நேரம் கழித்து அவற்றின் மூளையில், அணுச்சாவைக் காட்டும் காஸ்பேஸ்-3 நொதிக்கான சாயம் பாருங்கள். மருந்து மயக்கத்தில் குட்டி பால் குடிக்காது, பட்டினியும் மூளையைப் பாதிக்கும். ஆகவே மறுநாள் எடை குறைந்த குட்டிகளைத் தனியே குறித்து வையுங்கள்.