மறு: ரூபாட்டோவுக்குத் தமிழ்ச்சொல் – ‘நெகிழ்தாளம்’ சரியா?

நண்பர்களுக்கு வணக்கம். ரூபாட்டோ என்பது மேற்கத்திய இசையில் சுரங்களைக் கணக்கான நேரத்துக்குக் கொஞ்சம் முந்தியும் பிந்தியும் வாசிப்பது. நம் கலைச்சொற் பட்டியலுக்காக அதைப் பற்றி நண்பர் ஒருவர் எழுதியது:

> ரூபாட்டோ = நெகிழ்தாளம். கேட்டதும் புரிகிறது. ஆட்சேபம் இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடலாம்.

எனக்கு ஆட்சேபம் உண்டு. சொல் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் தாளம் நெகிழ்கிறது என்று சொல்கிறது. பியானோ இசையமைப்பாளர் ஷோப்பானிடம் பாடம் கேட்டவர்கள் எழுதிவைத்தது இதற்கு நேர்மாறு. இடக்கைதான் இசைக்குழுவை நடத்துபவர் மாதிரி, அது பிசகக் கூடாது; வலக்கை முந்தலாம், பிந்தலாம். ஷோப்பானின் பியானோவின் மேல் மெட்ரோனோம் என்ற தாளக்கருவி எப்போதும் இருந்தது என்கிறார் அவர் மாணவர் மிக்குலி.

1832இல் வெளிவந்த அவருடைய ஓப்பஸ் (படைப்பு எண்) 9, இரண்டாம் நாக்டர்ன் என்ற அமைதியான பியானோ இசையை எடுத்துக்கொள்ளுங்கள். இடக்கையில் ஒரு கீழ்ச்சுரம், இரண்டு சுரக்கொத்து (பல சுரங்கள் ஒன்றாக ஒலிப்பது), மறுபடி ஒரு கீழ்ச்சுரம், இரண்டு சுரக்கொத்து. ஏறக்குறைய முழுக்க இதுதான். மேலே மெட்டு ஒரு சுரத்தில் தங்கி நிற்கும், அடுத்ததைத் தாமதமாகத் தொடும், அப்புறம் பொடிச்சுரங்களை மளமளவென்று உதிர்த்துக்கொண்டு வந்து சேர்ந்துகொள்ளும். நான் பழகிய காலத்தில் இரண்டு கையையும் சேர்த்தே இழுத்துக்கொண்டிருந்தேன். ஆசிரியர் ஒரு வாரம் இடக்கையை மட்டும் வாசிக்கவைத்தார். அதற்குப் பிறகுதான் மெட்டு எதன்மேல் சாய்ந்து நிற்கிறது என்று காதில் விழுந்தது. ‘நெகிழ்தாளம்’ என்று படித்துவிட்டு வரும் மாணவர் நான் செய்த பிழையையே செய்வார்.

இது ஷோப்பான் கண்டுபிடித்ததும் இல்லை. டோசி என்ற இத்தாலியப் பாடகர் 1723இலேயே, காலத்தைத் திருடும் பாடகர் அதைத் திறமையாகத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும் என்று எழுதிவிட்டார். ரூபாட்டோ என்றால் ‘திருடப்பட்டது’. மெதுவான பகுதிகளில் தன் இடக்கை வலக்கைக்கு விட்டுக்கொடுக்காமல் இருப்பதைக் கேட்டு மற்றவர்கள் திகைக்கிறார்கள் என்று 1777இல் மோட்சார்ட் அப்பாவுக்குக் கடிதம் எழுதுகிறார்.

ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். 19ஆம் நூற்றாண்டு நகர நகர, இதே சொல் இன்னொன்றையும் குறிக்கத் தொடங்கியது: இரண்டு கைகளும், ஏன் முழு இசைக்குழுவும், ஒன்றாகவே விரைந்து ஒன்றாகவே தணிவது. இன்று பலர் ரூபாட்டோ என்று சொல்வது இதைத்தான். ஷோப்பானிடமே நிலைமை அவ்வளவு சுத்தமாக இல்லை. மூன்று எண்ணிக்கையில் எழுதிய மசூர்காவை (போலந்து நாட்டுப்புற ஆட்ட இசை) அவர் நான்காக வாசிக்கிறார் என்றார் பியானோ கலைஞர் ஹாலே. ஷோப்பான் மறுத்தார். அவரையே வாசிக்கச் சொல்லி ஹாலே உரக்க நான்கு எண்ணிக் காட்டியதும் சிரித்துவிட்டு, அது அந்த நாட்டுப்புற ஆட்டத்தின் இயல்பு என்றாராம். இசையமைப்பாளர் மேயர்பேர் ஒரு மசூர்காவை இரண்டு என்று சொன்னபோது மட்டும் கோபம் வந்துவிட்டது. ஆக, ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருளாவது இருக்கின்றன, நம் சொல் இரண்டுக்கும் இடம் கொடுக்க வேண்டும்.

முன்பு ஒருவர் சொன்ன ‘காலக்களவு’ மூலத்துக்கு நெருக்கம். ஆனால் நம் இசையில் காலம் என்றால் முதற்காலம், இரண்டாங்காலம் என்ற வேக அளவாகத்தான் காது எடுத்துக்கொள்ளும். களவு என்றதும் அகத்திணை வந்து நிற்கும். ‘இந்த இடத்தைக் காலக்களவோடு வாசி’ என்று எந்த ஆசிரியரும் சொல்ல மாட்டார்.

நான் முன்வைப்பது: ஒசிவு.

பியானோ கலைஞர் லிஸ்ட் தன் மாணவர் ஒருவருக்கு ஜன்னலுக்கு வெளியே இருந்த மரங்களைக் காட்டி இதை விளக்கினார் என்று ஒரு செய்தி உண்டு. காற்று இலைகளோடு விளையாடுகிறது, மரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஷோப்பானின் ரூபாட்டோ இதுதான் என்றாராம். கொம்பு வளைந்து துவள்வதற்கு நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் வினை ஒசிதல். வேர் ஊன்றியிருந்தால்தான் கொம்பு ஒசிய முடியும். வினையாகவும் வரும்: ‘இங்கே கொஞ்சம் ஒசிந்து வாசி.’

குருந்தொசித்த மாயவன் என்று சிலம்பில் வருகிறதே, அங்கே ஒசித்தல் முறித்தல் அல்லவா என்று யாராவது கேட்பீர்கள். சரியான கேள்வி. ஒசித்து என்ற பிறவினைக்கு அந்தப் பொருள் உண்டு. அதனால்தான் தன்வினையை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். பட்டியல் பதிவிலேயே ‘ஒசிந்து’ என்று எடுத்துக்காட்டுக் கொடுத்துவிடலாம். பழக்கமில்லாத சொல் என்பதும் உண்மைதான். ரூபாட்டோவும் முதலில் கேட்பவருக்கு அப்படித்தான்.

பிரித்துச் சொல்ல வேண்டிய இடங்களில், மெட்டு மட்டும் அசைந்தால் ‘மெட்டொசிவு’, எல்லாம் சேர்ந்து அசைந்தால் ‘முழுவொசிவு’. இசையமைப்பாளர் வாக்னர் 1869இல் இசைக்குழு நடத்துவதைப் பற்றி எழுதிய கட்டுரையில் வலியுறுத்தும் வேக மாற்றத்தை இரண்டாவதின்கீழ் வைக்கலாமா, அல்லது அதற்குத் தனிப் பதிவு வேண்டுமா என்பதில் எனக்கு இன்னும் முடிவு இல்லை. இசைக்குழுவில் வாசித்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். அதுவரை ‘நெகிழ்தாளம்’ பட்டியலில் ஏற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.