14-இல் இல்லாத கிருமிகள்: கடலூர், புதுச்சேரிப் பக்கத்து மூளைக்காய்ச்சலும் ஒரு மணி நேர பிசிஆரும்

கடலூர், பொது மருத்துவ வார்டு

காய்ச்சல், வலிப்பு, பேச்சுக் குழறல் என்று வருபவருக்கு முதுகில் (மூளை, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள) நீர் எடுத்து பயோஃபயர் பேனல் (பல கிருமிகளின் மரபணுவை ஒரே சமயத்தில் தேடும் பிசிஆர் சோதனை) போட்டால் ஒரு மணி நேரத்தில் ரிசல்ட் வந்துவிடுகிறது. அதில் இருப்பவை 14: பாக்டீரியா 6, வைரஸ் 7, கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை. ஆனால் நம் பக்கத்தில் தேட வேண்டிய ஸ்க்ரப் டைபஸ் (உண்ணிக் காய்ச்சல்), ஜே.ஈ. (ஜப்பானிய மூளைக்காய்ச்சல்), டெங்கு, காசநோய் நான்குமே அந்த 14-இல் கிடையாது. 'ஆல் நெகட்டிவ்' தாளைப் பார்த்ததும் கேஸ் ஷீட்டில் 'தொற்று இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். அந்த ஒரு வரியால் ஸ்க்ரப் டைபஸுக்கான மருந்தான டாக்சிசைக்ளின் தள்ளிப்போகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையை ஒட்டி வரும் காய்ச்சலில் துணியை விலக்கிப் பாருங்கள். அக்குள், கவட்டி, மார்புக்கு அடியில் சிகரெட்டால் சுட்டது போல் கருத்த பொருக்கு, சுற்றிச் சிவப்பு வளையம்: அதுதான் ஸ்க்ரப் டைபஸின் அடையாளம். வலிக்காது என்பதால் நோயாளி தானாகச் சொல்லமாட்டார்.

புதுச்சேரி, நுண்ணுயிரியல் லேப்

கடலூர் பொது மருத்துவ வார்டு சார் சொன்னதோடு நீரின் அளவையும் கவனியுங்கள். பேனலுக்கு 200 மைக்ரோலிட்டர் போதும் என்பதால் 1 மில்லி அனுப்பிவிட்டு, அதிலேயே காசநோயும் பார்க்கச் சொல்கிறார்கள். மூளை உறைக் காசநோயில் கிருமி மிகச் சொற்பம். பெரியவர்களுக்கு 6 மில்லியாவது வேண்டும். அதை சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, அடியில் தங்கும் வண்டலைத்தான் ஜீன்எக்ஸ்பர்ட் அல்ட்ராவில் (காசநோய்க் கிருமிக்கான பிசிஆர் சோதனை) போடுகிறோம். பேனலுக்கான நீரையோ சுற்றவே கூடாது. ஆகவே முதலில் பேனலுக்குத் தனியே எடுத்து வைத்துவிட்டு, அப்புறம்தான் மீதியைச் சுற்ற வேண்டும். அல்ட்ராவில் 'டிரேஸ்' (மிகச் சிறு தடயம்) என்று வந்தால், இந்த நீரைப் பொறுத்தவரை பாசிட்டிவ்தான். நெகட்டிவ் வந்தாலும் காசநோய் இல்லை என்று ஆகாது.

கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) டியூபை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், மெனிங்கோகாக்கஸ் பாக்டீரியா குளிரில் செத்துவிடும். பேனல் டியூப் ஃப்ரிட்ஜில் 7 நாள் தாங்கும். இரண்டையும் ஒரே பையில் போட்டு அனுப்புவதுதான் சிக்கல். பேனல் பாசிட்டிவ் என்றாலும் கல்ச்சரை விடாதீர்கள். எந்த மருந்து கேட்கும் என்று பேனல் சொல்லாது.

நீரில் செல் 2, சர்க்கரை நார்மல், ஆனால் பேனலில் நியூமோகாக்கஸ் பாக்டீரியா பாசிட்டிவ் என்றால் அது சாம்பிள் ஏற்றியவரின் மூக்கு, தொண்டையிலிருந்து விழுந்திருக்கலாம். மாஸ்க் போட்டு, கேபினெட்டுக்குள் வைத்து மறுபடி ஓட்டுவோம்.

கடலூர், குழந்தைகள் வார்டு

விருத்தாசலம் மாதிரி நெல் வயல் சூழ்ந்த ஊர்க் குழந்தை என்றால் ஜே.ஈ. நினைவில் இருக்கட்டும். மூளை பாதித்து வரும் நேரத்தில் வைரஸ் ரத்தத்தை விட்டே போயிருக்கும், பிசிஆரில் பெரும்பாலும் சிக்காது. முதுகு நீரிலும் சீரத்திலும் ஐஜிஎம் எலிசாதான் (உடல் உருவாக்கும் எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் சோதனை) வழி. முதல் சில நாட்களில் அதுவும் நெகட்டிவ் வரும். 7 நாள் தாண்டி மறுபடி அனுப்புங்கள்.

பேனலில் ஹெச்.ஹெச்.வி.-6 (ஹெர்பிஸ் குடும்ப வைரஸ்) பாசிட்டிவ் வந்ததும் மருந்தைத் தொடங்காதீர்கள். 100-இல் சுமார் ஒருவருக்கு அந்த வைரஸின் மரபணு பிறவியிலேயே குரோமோசோமில் ஒட்டியிருக்கும்; நோய் இல்லாமலே பாசிட்டிவ் வரலாம்.

புதுச்சேரி, நரம்பியல்

ஹெர்பிஸ் பிசிஆர் நோய் தொடங்கிய முதல் 72 மணி நேரத்தில் நெகட்டிவ் காட்டி ஏமாற்றலாம். எம்ஆர்ஐயில் டெம்போரல் லோப் (மூளையின் பக்கவாட்டுப் பகுதி) வீங்கியிருந்தால், நெகட்டிவ் தாளுக்காக ஹெர்பிஸுக்கான மருந்தான அசைக்ளோவிரை நிறுத்தாதீர்கள். பெரியவர்களுக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம், 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரமாக மெதுவாக ஏற்றுங்கள்; வேகமாகப் போனால் சிறுநீரகம் அடிபடும். 3 முதல் 7 நாளுக்குள் மறுபடி நீர் எடுத்து அனுப்புங்கள்.