டொரண்டோவில் போர்ட்ஃபோலியோ மேனேஜர் ஆக நினைக்கிறீர்களா? முதல் வேலையைப் பார்த்து எடுங்கள்

சென்னையில் ஃபண்ட் அக்கவுண்டிங் (முதலீட்டு நிதிகளின் கணக்கு வேலை) பார்த்துவிட்டு டொரண்டோவில் வந்து இறங்கும் தம்பி தங்கைகள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான். "அண்ணா, சிஎஃப்ஏ முடித்தால் போர்ட்ஃபோலியோ மேனேஜர் ஆகிவிடலாமா?" போர்ட்ஃபோலியோ மேனேஜர் என்றால் மற்றவர் பணத்தை முதலீடு செய்து நிர்வகிப்பவர்; சிஎஃப்ஏ என்பது மூன்று லெவல் தேர்வு எழுதி, வேலை அனுபவமும் காட்டி வாங்கும் முதலீட்டுத் துறைப் பட்டயம். நானும் அந்த நினைப்போடுதான் விமானம் ஏறினேன்.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். முதலீட்டு நிர்வாக நிறுவனத்தில் உட்கார்ந்து, வாடிக்கையாளரை ஒவ்வொரு முறையும் கேட்காமல் அவர் பணத்தை நீங்களே வாங்கி விற்க வேண்டுமென்றால், மாகாண ஆணையத்திடம் பதிவு வேண்டும். டொரண்டோ இருக்கும் ஒன்டாரியோவில் அது ஓஎஸ்சி, அதாவது ஒன்டாரியோ பங்குப்பத்திர ஆணையம். பதிவின் பெயர் அட்வைசிங் ரெப்ரசென்டேட்டிவ். அதற்கு சிஎஃப்ஏ பட்டயத்தோடு, விண்ணப்பிக்கும் முன்னான 36 மாதங்களுக்குள் 12 மாத அனுபவம் காட்ட வேண்டும். பட்டயம் இல்லாமல் சிஐஎம் (கனடாவின் முதலீட்டு மேலாளர் சான்று) மட்டும் இருந்தால் 48 மாத அனுபவம். இதற்கு ஒரு படி கீழே அசோசியேட் பதிவு இருக்கிறது: சிஎஃப்ஏ முதல் லெவல் அல்லது சிஐஎம், கூடவே 24 மாத அனுபவம். ஆனால் நீங்கள் சொல்லும் ஆலோசனைக்கு மேலே ஒருவர் முன்கூட்டியே ஒப்புதல் தர வேண்டும்.

சிக்கல் அந்த 'அனுபவம்' என்ற சொல்லில்தான். பங்கை ஆராய்வது, போர்ட்ஃபோலியோவைக் கட்டுவது, இப்படி முதலீட்டு முடிவுக்குப் பக்கத்தில் இருக்கும் வேலையைத்தான் ஆணையம் பார்க்கிறது. சிஎஃப்ஏ பட்டயத்துக்குக் கேட்கும் 4,000 மணி நேரக் கணக்கு வேறு. அது எந்த நாட்டு வேலையாகவும் இருக்கலாம். இரண்டையும் ஒன்றென்று எண்ணிக் குழம்பியவர்கள் நிறையப் பேர். நானும் அதில் ஒருவன்.

வாடகைக்குப் பயந்து, கிடைத்த முதல் வேலையை எடுத்தேன். பேக் ஆபீஸில் ரீகன்சிலியேஷன், அதாவது கணக்குகளை ஒப்பிட்டுச் சரிபார்ப்பது. பங்குகளைப் பாதுகாத்து வைக்கும் கஸ்டோடியன் வங்கியின் கணக்கும் நம் கணக்கும் ஏன் 11 டாலர் 40 சென்ட் இடிக்கிறது என்று காலை முழுக்கத் தேடுவேன். கடைசியில் ஏதோ டிவிடெண்டின் வரிப்பிடித்தமாக இருக்கும். மூன்று வருஷம் போனது. பதிவுக்கான கணக்கில் அதில் ஒரு மாதம்கூட ஏறவில்லை. 2024 மே 27 முதல் இங்கே பங்கு விற்றபின் பணமும் பங்கும் கைமாறும் செட்டில்மென்ட் ஒரே நாளாகச் சுருங்கிவிட்டதால் (இந்தியா நமக்கு முன்னாடியே மாறிவிட்டது) பேக் ஆபீஸில் நேர நெருக்கடி இன்னும் கூடியிருக்கிறது. மாலையில் உட்கார்ந்து சிஎஃப்ஏ லெவல் டூ படிக்க முடியும் என்று நம்ப வேண்டாம்.

வீட்டுச் செலவுக்காக அந்த வேலையை எடுத்தால் தப்பில்லை. ஆனால் 18 மாதத்துக்குள் பெர்ஃபார்மன்ஸ் அனாலிசிஸ் (முதலீடு எவ்வளவு ஈட்டியது, ஏன் என்று அலசுவது) பக்கமோ ரிசர்ச் பக்கமோ நகரப் பாருங்கள். எனக்கு ரிசர்ச் அசோசியேட் நேர்முகம் முதல்முறை வந்தபோது, "ஒரு பங்கைச் சொல்லுங்கள், இன்றைய விலைக்கு ஏன் வாங்க வேண்டும்?" என்று கேட்டார்கள். நான் மதிப்பிடும் முறைகளை வரிசையாக ஒப்பித்தேன். நேர்முகம் எடுத்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, எந்தப் பங்கு?" என்றார். வாயில் பெயரே வரவில்லை.

அன்று இரவே கனடியன் நேஷனல் ரயில்வேயின் ஆண்டறிக்கையை செடார் பிளஸ் தளத்தில் எடுத்தேன். கனடாவில் பட்டியலிட்ட நிறுவனங்களின் அறிக்கைகள் அங்கே இலவசம். நூறு டாலர் வருமானத்தில் செலவு எவ்வளவு தின்கிறது என்பதைத்தான் ரயில்வேயில் ஆபரேட்டிங் ரேஷியோ என்பார்கள். அதை ஐந்து வருஷத்துக்கு எழுதி, பக்கத்தில் போட்டி ரயில்வேயான சிபிகேசியை வைத்து, இரண்டு பக்கக் குறிப்பு தயாரித்தேன். அடுத்த நேர்முகத்தில் பேச்சு முழுக்க அந்த இரண்டு பக்கத்தைப் பற்றித்தான்.

அப்புறம் ஒன்று. கல்யாண வீட்டிலும் கோயிலிலும் "ஃபைனான்ஸ் கரியர் இருக்கிறது, வா" என்று கூப்பிடுவார்கள். போனால் இன்சூரன்ஸ் விற்று, உங்கள் சொந்தக்காரர்களையும் ஆளாகச் சேர்க்கச் சொல்வார்கள். விற்பனை பிடித்தவர்கள் செய்யட்டும். ஆனால் அது இந்த வழி இல்லை.

எந்த நிறுவனத்தில் வேலை கிடைத்தாலும், கையெழுத்துப் போடும் முன் உங்கள் மேலாளராக வரப்போகிறவரின் பெயரைத் தேசியப் பதிவுத் தேடலில் (மாகாண ஆணையங்கள் சேர்ந்து நடத்தும் இணையத் தேடல்) போட்டுப் பாருங்கள். எந்த வகைப் பதிவு வைத்திருக்கிறார் என்று அதிலேயே தெரியும். அந்தக் குழுவில் ஒருவர்கூட அட்வைசிங் ரெப்ரசென்டேட்டிவ் இல்லையென்றால், உங்கள் 12 மாதக் கணக்கு அங்கே எப்படி ஏறும் என்று நேர்முகத்திலேயே கேட்டுவிடுங்கள்.