கரண்ட் போய் வந்ததிலிருந்து ஹோம் அசிஸ்டென்ட் பெட்டி அசையவே இல்லை: உதவி தேவை

சாரல்வாசி:
வணக்கம். தென்காசிப் பக்கம் வீடு. ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கம்ப்யூட்டரில், வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. விளக்குகள், கதவு சென்சார்கள், மொட்டைமாடி டேங்குக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எல்லாம் அதை நம்பித்தான். இப்போது சாரல் காலம், காற்றடித்தால் கரண்ட் போய்ப் போய் வரும். நேற்று சாயங்காலமும் அப்படித்தான். அதற்கப்புறம் பெட்டி எதற்கும் மசியவில்லை.

மொபைல் ஆப் ‘இணைக்க முடியவில்லை’ என்கிறது. பிரவுசரில் ஹோம் அசிஸ்டென்டின் பக்கமும் (8123 போர்ட்) திறக்கவில்லை. பையில் சிவப்பு விளக்கு எரிகிறது. பச்சை விளக்கு முதலில் படபடவென்று மின்னிவிட்டு, பிறகு எப்போதாவது ஒருமுறை கண்ணைக் காட்டுகிறது. பிளக்கைப் பிடுங்கி மாட்டினாலும் அதே கதை. அறை விளக்குகள் சுவர் சுவிட்சில் எரிகின்றன, அது ஒரு நிம்மதி. ஆனால் மோட்டாருக்கு அப்பாதான் மாடி ஏறி இறங்குகிறார், கூடவே அர்ச்சனையும் நடக்கிறது.

64 ஜிபி மெமரி கார்டு, பழைய மொபைல் சார்ஜர். இன்வெர்ட்டரில் இருப்பது ரவுட்டர் மட்டும். எங்கிருந்து தொடங்குவது?

நைட்ஷிப்ட்:
கார்டு காலி ப்ரோ. புதுசு வாங்கி இன்ஸ்டால் பண்ணுங்க, அரை மணி நேர வேலை.

வயர்மேன்மகன்:
சார், கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கார்டை இப்போதைக்கு யாரும் தொட வேண்டாம். இன்ஸ்டால் அரை மணி நேரம்தான். எல்லா ஆட்டோமேஷனையும் திரும்ப எழுதுவது யார்?

பெட்டி செத்ததா, நெட்வொர்க்கில் தொலைந்ததா, உள்ளே மென்பொருள் மட்டும் படுத்ததா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். ரவுட்டரின் பட்டியலில் பை தெரிகிறதா? கரண்ட் போய் வந்தபின் ஐபி (நெட்வொர்க் முகவரி) மாறியிருந்தால், பெட்டி நன்றாக இருந்தும் உங்களுக்குச் செத்ததாகத் தோன்றும். அதே ஐபிதான் என்றால் 4357 போர்ட்டைத் திறந்து பாருங்கள். அது பெட்டியின் நிலையைக் காட்டும் அப்சர்வர் பக்கம். 8123 படுத்தாலும் அது தனியாக ஓடும். அதுவும் வராவிட்டால் டிவியில் இணைத்துத் திரையைப் பாருங்கள். பை 4-ல் இரண்டு மைக்ரோ எச்டிஎம்ஐ துளைகள் இருக்கும். பவர் ஒயர் மாட்டுகிற துளைக்குப் பக்கத்தில் இருப்பதில் மாட்டுங்கள்.

சாரல்வாசி:
ரவுட்டரில் தெரிகிறது, ஐபியும் மாறவில்லை. பிங் செய்தால் (நெட்வொர்க்கில் தட்டிப் பார்ப்பது) பதில் வருகிறது. 4357 வரவில்லை. டிவியில் வரி வரியாக ஓடுகிறது. கார்டின் எட்டாவது பார்ட்டிஷன் (பிரிவு) பெயரைப் போட்டு ‘ஐ/ஓ எர்ரர்’ (படிக்க, எழுத முடியவில்லை) என்று திரும்பத் திரும்ப வருகிறது. நடுநடுவே ‘அண்டர்வோல்டேஜ் டிடெக்டட்’ (வோல்டேஜ் போதவில்லை) என்றும் ஒரு வரி.

வயர்மேன்மகன்:
அந்த இரண்டாவது வரிதான் முக்கியம். நைட்ஷிப்ட் சொன்னது பாதி சரி, கார்டு அடிவாங்கியிருக்கிறது. ஆனால் புதுக் கார்டையும் அதே சார்ஜரில் போட்டால் அடுத்த சாரலுக்குள் இங்கேயே வந்து இதே கேள்வியைக் கேட்பீர்கள்.

பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். இதற்கென்று விற்கும் அடாப்டர் 5.1 வோல்ட் தருவதே ஒயரில் இறங்கும் வோல்டேஜை ஈடுகட்டத்தான். உள்ளே வருவது சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் அந்த எச்சரிக்கை வரும். பழைய மொபைல் சார்ஜரும் மெல்லிய ஒயரும் சேர்ந்தால், பை கொஞ்சம் மும்முரமாக வேலை செய்யும்போதெல்லாம் வோல்டேஜ் தள்ளாடும். அந்த நேரத்தில் கார்டில் எழுதுவது கெட்டுப்போகலாம். நேற்று கரண்ட் போனது கடைசி அடியாக இருக்கும்.

பெட்டி பாதி உயிரோடு இருப்பது ஏன் என்றால், ஹோம் அசிஸ்டென்டின் சிஸ்டம் பகுதி படிக்க மட்டும்தான், எதுவும் எழுதப்படுவதில்லை. அதுவும் இரண்டு பிரதிகள் இருக்கும். எந்நேரமும் எழுதப்படுவது எட்டாவது பார்ட்டிஷன். ஒவ்வொரு சென்சாரின் ஒவ்வொரு அசைவும் டேட்டாபேஸில் போய் உட்கார்வது அங்கேதான். உங்கள் பேக்கப்பும் அங்கேதான் இருக்கும். வேறு எங்காவது நகல் உண்டா?

சாரல்வாசி:
இல்லை. தானாக எடுக்கும்படி வைத்திருந்தேன், எல்லாம் அதே கார்டில்.

வயர்மேன்மகன்:
அப்படியானால் கார்டை ரீடரில் போட்டு லினக்ஸ் கம்ப்யூட்டரில் செருகுங்கள். விண்டோஸில் செருகினால் ‘ஃபார்மட் செய்யட்டுமா’ என்று கேட்கும். வீட்டில் யாராவது ‘சரி’ அழுத்திவிடப் போகிறார்கள், ஜாக்கிரதை. லினக்ஸ் இல்லையென்றால் உபுண்டுவை ஒரு பென்டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் அப்படியே ஓட்டலாம்.

பழுதுபார்க்கும் கட்டளை எதையும் நேராகக் கார்டின் மேல் ஓட்டாதீர்கள். முதலில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருளை வைத்து முழுக் கார்டையும் ஒரு இமேஜ் கோப்பாக எடுங்கள். படிக்க முடியாத இடங்களைத் தாண்டிப் போய், மற்றதையெல்லாம் எடுத்துத் தரும். அந்த இமேஜின் நகலில் எஃப்எஸ்சிகே என்ற பழுதுபார்க்கும் கட்டளையை ஓட்டி, எட்டாவது பார்ட்டிஷனைத் திறந்து, சூப்பர்வைசர் ஃபோல்டருக்குள் இருக்கும் பேக்கப் ஃபோல்டரைப் பாருங்கள். ‘.டார்’ கோப்புகள் இருக்கும். அளவு பூஜ்ஜியம் இல்லாத, புதிய தேதியுள்ள இரண்டு மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தானாக எடுத்த பேக்கப் என்பதால் பூட்டு இருக்கும். எமர்ஜென்சி கிட் என்று ஒரு கோப்பு இறக்கித் தந்திருக்கும், அதில் உள்ள சாவியைத் தேடி வையுங்கள்.

பிறகு புது அடாப்டர். முடிந்தால் கார்டுக்குப் பதில் யுஎஸ்பியில் மாட்டும் சின்ன எஸ்எஸ்டி டிரைவ். பை 4 அதிலிருந்தே பூட் ஆகும். முதல் திரையிலேயே பேக்கப்பை ஏற்றும் வசதி இருக்கிறது. சென்சார்களோடு ரேடியோவில் பேசும் பழைய ஜிக்பீ ஸ்டிக்கையே மாட்டினால், அவற்றை மறுபடி இணைக்க வேண்டியதில்லை.

சாரல்வாசி:
சாவி மெயிலில் கிடைத்தது! கடைசி பேக்கப் திறக்கவில்லை, அதற்கு முந்தையது திறந்தது. எஸ்எஸ்டியில் ஏற்றிவிட்டேன், டாஷ்போர்டு அப்படியே வந்துவிட்டது. ரொம்ப நன்றி. ஒரே ஒரு குறை: கொல்லைக் கதவு சென்சாரும் டேங்க் சென்சாரும் வருவதும் போவதுமாக இருக்கின்றன. முன்பு இப்படி இல்லை.

மூணாவதுமாடி:
எஸ்எஸ்டியும் ஜிக்பீ ஸ்டிக்கும் அடுத்தடுத்து மாட்டியிருக்கிறீர்களா? யுஎஸ்பி 3 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளம்பும். ஜிக்பீயும் அங்கேதான் பேசுகிறது. 2012-லேயே இன்டெல் இதைப் பற்றித் தனியாக ஒரு அறிக்கை வெளியிட்டது. எஸ்எஸ்டி நீலத் துளையில் (யுஎஸ்பி 3) இருக்கட்டும். ஸ்டிக்கைக் கறுப்புத் துளைக்கு (யுஎஸ்பி 2) மாற்றி, நடுவில் ஒரு யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு எட்ட வையுங்கள்.

சாரல்வாசி:
ஒயர் போட்டதும் இரண்டும் நிலைத்துவிட்டன. பெட்டியையும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றிவிட்டேன்.

வயர்மேன்மகன்:
நல்லது. அந்த மோட்டார் விஷயம் மட்டும் உறுத்துகிறது. மோட்டார் ஓடும்போது பெட்டி படுத்தால் அதை யார் நிறுத்துவது? டேங்க் வழிந்தாலாவது பரவாயில்லை, போர்வெல்லில் தண்ணீர் இறங்கி மோட்டார் வெறுமனே ஓடினால் செலவு ஆயிரக்கணக்கில் போகும். என்ன ரிலே?

சாரல்வாசி:
டாஸ்மோட்டா மென்பொருள் போட்ட ரிலே. அது கான்டாக்டரை (மோட்டாருக்கான பெரிய மின்சுவிட்ச்) இழுக்கும், மோட்டார் கான்டாக்டரில்.

வயர்மேன்மகன்:
கான்டாக்டர் போட்டது சரி, பலர் சின்ன ரிலேயிலேயே நேராக மோட்டாரைக் கோர்த்துவிடுகிறார்கள். டாஸ்மோட்டா கன்சோலில் பல்ஸ்டைம் (தானே அணையும் நேரம்) 1900 என்று கொடுங்கள். 100-ஐக் கழித்தால் 1800 வினாடி. அரை மணி நேரத்தில் ரிலே தானே அணைந்துவிடும், ஹோம் அசிஸ்டென்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும். உங்கள் டேங்க் நிறைய எவ்வளவு நேரம் ஆகுமோ அதற்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். கான்டாக்டர் பக்கத்தில் கையால் போட ஒரு சுவிட்சும் வையுங்கள், அதைக் கீழேயே வையுங்கள். அப்பா மாடி ஏற வேண்டாம்.

நைட்ஷிப்ட்:
பேக்கப்பை கூகுள் டிரைவுக்கும் அனுப்பச் சொல்லுங்க ப்ரோ, இப்போ செட்டிங்ஸிலேயே இருக்கு.

சாரல்வாசி:
இரண்டையும் செய்தாயிற்று. பழைய கார்டை வாசல் கேமராவில் போட்டுக்கொள்ளலாமா?

வயர்மேன்மகன்:
திருடன் வருகிற அன்று பார்த்து ஐ/ஓ எர்ரர் வரும் சார். தூக்கிப் போடுங்கள்.